புரட்டாசித் தோட்டம்

கீட்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வின்செஸ்டர் நகரில் தங்கியிருந்தபோது இலையுதிர்காலத்தை விளித்துப் பாடிய பாட்டை வகுப்பிலே பயின்றுவிட்டு வந்த மாணவர் ஒருவர், மறுநாள் தாவர நூல் வகுப்பில் என்னை நோக்கி, “ஐயா, நம் நாட்டில் இலையுதிர்காலம் எப்பொழுது?” என்று வினவினார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் வினா சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. நம் வேம்பும் வாகையும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியிலேயாம். செப்டம்பர் மாதத்தில் நம்மூர் மரங்களுள் ஒன்றேனும் மொட்டையாகக் காண்பதரிது. அங்ஙனமாயின், ஆங்கில நாட்டுத் தோட்டக்காரர் அம்மாதத்தில் ஆப்பிளைப் பறித்துப் பரணிலே பரப்பியும், உருளைக்கிழங்கை அகழ்ந்து சாக்கிலே கட்டியும், வெங்காயத்தைப் பின்னித் தொங்கவிட்டும் செய்கின்ற பரபரப்பான வேலைக்கு ஒப்பாக நம்மிடத்தில் யாதும் இல்லையோ எனின், உண்டு. அதுவும் ஏறக்குறைய அதே மாதத்தில் உண்டு. காரணம் மட்டுமே வேறு.

அந்நாட்டில் தோட்டத்தின் எதிரி உறைபனி. ஓரிரவு உறைபனி விழுந்தால் காலையில் பூசணிக்கொடி கரிந்து கிடக்கும். ஆதலின் அதற்கு முன்னே அவர்கள் எல்லாவற்றையும் வீட்டினுள் சேர்க்க விரைகின்றனர். நமக்கு எதிரி நீர். எதிரி என்றது தோட்டத்தைக் கருதி மட்டுமே. குளத்துக்கும் கிணற்றுக்கும் அதுவே உயிர். தமிழ்நாட்டில் ஓராண்டிற் பெய்யும் மழை சராசரி 92 செ.மீ. அளவினது, அதிற் சற்றேறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் வருவது. அப்பருவம் சராசரியாக அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டித் தொடங்கும். அஃதாவது ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள். ஆகவே புரட்டாசி மாதம் முழுவதும் நமக்குத் தவணை. ஆவணி புரட்டாசியைக் கார் என்றும் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். எனினும் திருநெல்வேலிப் பக்கத்தார்க்குப் புரட்டாசி பெரும்பாலும் வெயில் மாதமே. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று அம்மாதத்தைப் பற்றிச் சொல்லும் பழமொழியில், முற்பாதி எங்கள் ஊருக்கும் பிற்பாதி வேறூர்களுக்கும் எழுதப்பட்டதோ என்று நான் நினைத்ததுண்டு.

இனி, அத்தவணைக்குள் ஒரு வீட்டுத் தோட்டத்தில் செய்யத்தக்கவை யாவை என்பதைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்புறமுள்ள சிறு தோட்டத்தைக் கொண்டே விளக்க முற்படுகின்றேன். அதில் நான்கு வாழை, ஒரு கொய்யா, ஒரு சீத்தா, ஒரு சப்போட்டா, இரண்டு பப்பாளி, ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, கிணற்றடியில் ஒரு பந்தல், எட்டுப் பாத்திகள் உள. இதனினும் பெரிய தோட்டம் உடையார்க்கும் வேலையின் வகை இதுவே.

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய வெண்டை புரட்டாசியில் நன்கு காய்க்கும். இதனை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தல் வேண்டும். நுனியை ஒடித்துப் பார்த்து, ‘டக்’கென்று ஒடிந்தால் இளங்காய், வளைந்து நார் தெரிந்தால் காலம் கடந்தது. முற்றிய காயைச் செடியிலே விட்டுவைப்பதனால் ஒரு காய் வீணாவதோடு நட்டம் நின்றுவிடுவதில்லை. செடியின் நோக்கம் நமக்குக் கறி தருவதன்று, விதை ஈனுவதே. விதை முற்றுகின்றது என்பதை உணர்ந்தவுடன் அது புதிய பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளரி, பீர்க்கு, பாகல், கொத்தவரை முதலியவற்றிற்கும் இது பொருந்தும். ‘காய் ஓய்ந்துவிட்டது’ என்று குறைகூறுவோர் பந்தலின் மேற்புறத்தை ஒருமுறை ஏறிப் பார்ப்பாராக. அங்கே இலைகளுக்கிடையே முற்றிய பீர்க்கு ஒன்று கிடந்து கொடியின் வலிமையை எல்லாம் ஈர்த்துக்கொண்டிருப்பதைக் காண்பர்.

பூசணியின் நிலை வேறு. சாம்பற்பூசணி மேல்தோலில் வெண்பொடி படிந்து, காம்பு காய்ந்து சுருங்கும்வரை கொடியிலே இருத்தல் வேண்டும். சர்க்கரைப் பூசணியாயின் நகத்தால் அழுத்தித் தோல் கீறாவிடில் முற்றியது என்று கொள்ளலாம். இவ்விரண்டையும் நான்கு விரற்கடை காம்போடு அறுத்தெடுத்தல் நலம். காம்பு பறிந்த குழியே அழுகலுக்கு வாயில். கழுவலாகாது, ஒன்றோடொன்று உரசவும் விடலாகாது. வைக்கோற் புரிமணையின்மேல் தனித்தனியே வைத்தோ உறியிலே தொங்கவிட்டோ காப்பின், சாம்பற்பூசணி தை கடந்தும் கெடாதிருக்கும். மழைக்காலத்தில் தரையிற் கிடக்கும் பூசணி பத்து நாளில் அடிப்புறம் மெத்தென்றாகிவிடும்.

பழங்களைப் பறிப்பதில் மாணவர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சில பழங்கள் மரத்தினின்று பிரிந்த பின்னும் பழுக்கும். சில பிரிந்தபின் பழுப்பதில்லை. வாழை, பப்பாளி, சீத்தா, சப்போட்டா என்பன முதல் இனம். எலுமிச்சையும் மாதுளையும் திராட்சையும் இரண்டாம் இனம். முதல் இனப் பழங்கள் முற்றிய ஒரு நிலையில் தம் மூச்சை, அதாவது உயிர்வளியை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும் வேகத்தைத் திடீரென்று பெருக்குகின்றன. அதனோடு எதிலீன் என்னும் வாயுவையும் வெளிவிடுகின்றன. அவ்வாயு அருகிலுள்ள காயையும் பழுக்கத் தூண்டும். பழுக்கும் ஆப்பிளினின்று எழும் வாயு எதிலீனே என்பதை 1934-ஆம் ஆண்டில் கேன் என்னும் ஆங்கில அறிஞர் மெய்ப்பித்தார். வாழைத்தாரைப் பானையிலோ அறையிலோ அடைத்து மூட்டம் போட்ட நம் பாட்டன்மார் எதிலீன் என்னும் பெயரை அறியார். ஆயினும் புகையில் அவ்வாயு இருந்து அவர்க்குப் பணிசெய்தது. மூட்டம் போடுவதற்குப் பதிலாகக் கடைகளிற் சிலர் கையாண்ட கார்பைடுக் கல்லை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்கியிருக்கின்றன. வீட்டுத் தோட்டம் உடையார்க்கு அக்கல்லின் தேவை எக்காலத்தும் இல்லை. பழுத்த வாழைப்பழம் இரண்டைச் சீத்தாக் காய்களோடு ஒரு பானையில் இட்டு மூடிவைத்தாற் போதும்.

ஆகவே, முதல் இனத்தை முற்றிய காயாகவே பறித்துவிடலாம், பறித்தலும் வேண்டும். சீத்தாவின் பருவம் ஆவணி முதல் ஐப்பசி வரை. அதன் கண்களுக்கிடையேயுள்ள பள்ளம் அகன்று வெண்மஞ்சள் நிறம் தோன்றுவதைக் ‘கண் திறந்தது’ என்பர். அந்நிலையிற் பறித்தால் மூன்று நான்கு நாளிற் பழுக்கும். மரத்திலே பழுக்கட்டும் என்று விட்டால் அணிலுக்கும் வௌவாலுக்கும் போக, மழை விழுந்தவுடன் எஞ்சியது வெடிக்கும். சப்போட்டாவின் முதிர்ச்சியைக் கண்ணால் அறிவது கடினம். மேலே உள்ள பழுப்புத் தூள் தேய்த்தால் உதிர்ந்து, நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரியாமல் மஞ்சள் தெரியுமாயின் பறிக்கலாம். பச்சை தெரிந்து பாலும் ஒழுகினால் இன்னும் ஆகவில்லை. பப்பாளியில் நுனிப்புறத்தே மஞ்சட்கீற்று ஒன்று ஓடுவது அடையாளம். எலுமிச்சையையும் மாதுளையையுமோ, முழுதும் பக்குவமான பின்னரே தொடவேண்டும். அவசரப்பட்டுப் பறித்தவன் அவற்றைப் பானையில் எத்துணை நாள் அடைத்து வைப்பினும் இனிமையும் சாறும் கூடா.

கொய்யாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழுத்துக் கீழே விழுந்த கொய்யாவிலும் பாகலிலும் நெளியும் வெண்புழுக்கள் பழ ஈயின் மக்கள். அவை பழத்தைத் தின்று வளர்ந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாய் எழுந்து அடுத்த காயைத் துளைக்கும. விழுந்த பழத்தை ‘எருவாகட்டும்’ என்று மரத்தடியிலே விடுகின்றவர் எருவைச் சேர்ப்பதில்லை, ஈயை வளர்க்கின்றார். நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும்.

நிற்க. இதுகாறும் கூறியவற்றுள் ஒன்றில் தவறினால் அவ்வாண்டின் காயோ பழமோ போகும். அடுத்த ஆண்டு மீளும். இனிக் கூறப்போவது அத்தகையதன்று.

எங்கள் தோட்டத்தில் வெள்ளைக் கத்தரி ஒன்று இருந்தது. முட்டையினும் சற்று நீண்ட காய். காம்பிலே முள் மிகுதி. நல்லெண்ணெயில் வதக்கினால் வெண்ணெய்போற் குழையும். என் தாயாரின் ஆச்சி தம் பிறந்த ஊரினின்று முந்தானையில் முடிந்து கொணர்ந்த விதை அது என்பது எங்கள் வீட்டு வரலாறு. ஆண்டுதோறும் இரண்டு காயை விதைக்கென விட்டு, அவற்றிற்குச் சிவப்புத் துணியால் அடையாளம் கட்டுவது என் தாயார் வழக்கம். ஓராண்டு புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையன்று அவர், “ஏய்யா, விதைக்காய் ரெண்டும் பழுத்திட்டு, மழைக்கு முன்ன பறிச்சிரு” என்றார். என் மேசையில் தேர்வுத் தாள்கள் குவிந்து கிடந்தன. திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன். ஞாயிறு இரவு தொடங்கிய மழை ஐந்து நாள் விடவில்லை. வெள்ளிக்கிழமை குடையோடு சென்று பார்த்தபோது இரண்டு காயும் மண்ணிலே கிடந்தன. தோல் பழுப்பாகிப் பள்ளம் விழுந்து, அப்பள்ளத்தின்மேல் மிளகுத்தூள் தூவினாற்போற் கரும்புள்ளிகள் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தன. ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையின் வேலை அது, விதைக்குள்ளும் புகுவது. எனினும் கழுவி எடுத்து உலர்த்தினேன். முளைத்த ஏழு நாற்றும் தாள்முறிந்து விழுந்தன. முந்திய ஆண்டு விதை ஒரு புட்டியில் இருந்தது நினைவுக்கு வந்தது. ஈரத்துணியில் இருபது விதையை முடிந்து பத்து நாள் வைத்தேன். ஒன்றும் கண் விடவில்லை.

அப்புட்டி விதை ஏன் செத்தது என்பதைப் பின்னர் ஆராய்ந்தபோது குற்றம் என்னுடையதே என்று கண்டேன். நன்கு உலராமல் அடைத்திருக்கின்றேன். விதை உறங்கும்போதும் மூச்சு விடுகின்றது. ஈரமும் வெப்பமும் மிகுந்தால் அம்மூச்சு விரைந்து, உள்ளிருக்கும் உணவு வீணாகி, உயிர் விரைவில் தீரும். ஹாரிங்டன் என்னும் விதைநூல் அறிஞர் இதற்கோர் எளிய கணக்கு வகுத்தார். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் மீண்டும் இருமடங்காகும். ஈரம் நூற்றுக்கு 14 முதல் 5 வரை உள்ள எல்லைக்குள் இக்கணக்குப் பொருந்தும். நம் மழைக்காலக் காற்றோ ஈரம் நிறைந்தது. உப்புச் சாடி கசிகின்ற மாதத்தில் விதை மட்டும் உலர்ந்திருக்குமா? ஆதலின் புரட்டாசி வெயில் உள்ளபோதே உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில், சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து வைத்தல் சிறந்தது. சாம்பல் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சும். வண்டையும் ஓரளவு தடுக்கும். உச்சி வெயிலில் தகரத்தின்மேல் உலர்த்துவது தீது. நிழலில் இரண்டு நாள், பின்னர் இளவெயிலில் நான்கைந்து நாள் என்க.

எடுக்கும் முறை காயுக்குக் காய் வேறு. கத்தரி முழுதும் மஞ்சளான பின் அறுத்து நீரிலே பிசைந்தால் நல்ல விதை அமிழும். பொக்கும் சதையும் மிதக்கும். வெண்டை செடியிலேயே காய்ந்து வரம்போரம் வெடிக்கத் தொடங்கும்போது எடுக்கவேண்டும். பாகலும் புடலும் பழுத்துச் செம்மஞ்சள் நிறம் பெற்றவுடன் எடுத்து, விதையைச் சூழ்ந்த செந்நிறச் சதை போகச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். பீர்க்கு கொடியிலே காய்ந்து குலுக்கினால் ஒலிக்கும். நுனிமூடி கழன்றால் விதை தானே கொட்டும், கூடும் குளியலறைக்கு உதவும்.

கத்தரியின் கதை இன்னும் முடியவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் என் தாயார் தம் நாத்தனார்க்குச் சிறிது விதை கொடுத்திருந்தார். அத்தை வீட்டில் அது இன்னும் பயிராகின்றது எனக் கேட்டு ஓடினேன். கிடைத்த விதையினின்று 14 செடிகள் தேறின. காய்த்தபோது 9 செடிகளில் ஊதாக் காய். 5 செடிகளில் மட்டுமே வெள்ளை. அத்தை வீட்டுக் கொல்லையில் ஊதாக் கத்தரியும் அருகருகே இருந்தது. வண்டுகள் இரண்டையும் கலந்துவிட்டன. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே கொள்வது. ஆயினும் வண்டின் உதவியால் அயல் மகரந்தம் சேர்வதும் பலகால் உண்டு.

1866-ஆம் ஆண்டில் மெண்டல் பட்டாணியைக் கொண்டு வெளியிட்ட விதியை நாம் வகுப்பிலே கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகின்றோம். அன்று எங்கள் கொல்லையில் அது உயிரோடு நின்றது. ஊதா மேம்பட்ட பண்பு. வெண்மை அடங்கிய பண்பு. ஆகவே வெள்ளையாகக் காய்த்த செடியில் ஊதாவின் கூறு மறைந்திருக்க இடமில்லை. அதன் பூவை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையால் மூடி, தன் மகரந்தத்தாலே கருவுறச் செய்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை முழுதும் வெள்ளையே. அவ்வாறே ஆயிற்று. ஆனால் சுவையும் குழைவும் முள்ளும் வடிவும் ஒரு கூற்றினால் அமைவன அல்ல. பல கூறுகள் கூடி அமைப்பவை. அவை தலைமுறைதோறும் சிதறிச் சிதறி வருகின்றன. மூன்றாம் ஆண்டுக் காயை வதக்கித் தாயார்முன் வைத்தபோது அவர் ஒரு வாய் உண்டு, “நிறம் அதுதான்” என்று மட்டும் சொன்னார். அதன்மேல் அவர் ஒன்றும் சொல்லாதது, சொல்லியிருந்தால் வருந்துவதினும் மிகுதியாக என்னை வருத்திற்று. ஆண்டுதோறும் சுவைத்துப் பார்த்து ஏற்ற செடியிலிருந்தே விதை தெரிந்து வருகின்றேன்.

பந்தற்காய்களுக்கு விதை எடுப்போர்க்கும் இதனால் ஒரு குறிப்பு. கொடிவகைகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறாதலின் கலப்பு இன்னும் எளிது. புடலையும் பீர்க்கும் மாலையிலும் இரவிலும் மலர்வன. பாகல் விடியலில் மலரும். பக்கத்து வீட்டுப் பந்தலில் வேறு புடலை இருந்தால், முதல்நாள் மொட்டைக் கட்டிவைத்து, மலர்ந்தவுடன் ஆண்பூவைக் கொண்டு கையாலே தொட்டு மீண்டும் கட்டிவிடுவதே காப்பு.

வெயிலின் பயன் விதையோடு ஒழிவதன்று. சுண்டை, மணத்தக்காளி, மிதுக்கு, கொத்தவரை, மோர்மிளகாய் ஆகிய வற்றல்கள் எல்லாம் புரட்டாசிக்குள் முடியவேண்டும். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கின்றது. வெயில் அந்நீரைக் கொண்டுபோகின்றது. இரண்டும் கூடியபோது நுண்ணுயிர்கள் வாழ வழியில்லை. பாதி உலர்ந்த வற்றல்மேல் மேகம் கவிந்தால் அடுப்பருகே பரப்புவதே வழி. இவ்வேலையில் வீட்டுப் பெண்டிர்க்கு உள்ள அறிவு எனக்கில்லையாதலின் இதனை இவ்வளவில் நிறுத்துகின்றேன்.

இனித் தோட்டத்தைச் செப்பனிடல். முதலாவது, நீர் போகும் வழி. ஆறு மாதமாக நீரை உள்ளே கொணர்வதற்காகவே வாய்க்கால் வெட்டியிருப்போம். இப்பொழுது அதே வாய்க்கால் நீரை வெளியேற்றவேண்டும். கோடைப் பாத்தி வரப்பினும் தாழ்ந்து கிண்ணம்போல் இருப்பது. மழைப் பாத்தியோ அரையடி உயர்ந்து மேடாக இருத்தல் வேண்டும். வேரும் மூச்சு விடுகின்றது. மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நின்றால் வேர் திணறும், அழுகலும் தொடங்கும். பப்பாளி இதில் மிக மென்மையானது. அதன் அடித்தண்டைச் சுற்றி இரண்டு நாள் நீர் நின்றாலே மரம் சாயக்கூடும். ஆகவே அடியில் மண்ணைக் கூம்பாக அணைத்துவிடுக. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்திற் பெய்த மழை ஏறக்குறைய 95 செ.மீ. அஃதாவது மாநிலத்தின் ஓராண்டுச் சராசரி ஒரே நாளில். அத்தகைய நாளில் எவ்வாய்க்காலும் உதவாது என்பது மெய்யே. ஆயினும் ஆண்டுதோறும் வருகின்ற பத்துச் செ.மீ. மழைக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

அடுத்தது காற்று. தார் ஈன்ற வாழை தலைக்கனத்தால் சாயும் இயல்புடையது. இரண்டு மூங்கிற்கழிகளைத் தலைப்பில் கத்தரிக்கோல்போல் மாற்றிக் கட்டி, சாயும் புறத்தில் முட்டுக் கொடுக்கவேண்டும். பக்கக் கன்றுகளுள் ஒன்றை விட்டு ஏனையவற்றைக் களைக. முருங்கை விறகுக்கும் உதவாத மெல்லிய மரம். ஒரு குழந்தையின் பாரம் தாங்காத கிளை ஐப்பசிக் காற்றைத் தாங்குமா? உயர்ந்த கிளைகளைப் புரட்டாசியிலேயே வெட்டிவிட்டால், மழையோடு வரும் கம்பளிப்பூச்சிக்கும் இடம் குறையும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலில் வீழ்ந்த தென்னைகளைக் கண்டவர், வீட்டின்மேற் சாய்ந்து நிற்கும் கிளையை ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்னார்.

ஓய்ந்த கொடிகளையும் சருகுகளையும் என் செய்வது? நம்மவரிற் பலர் தீ வைத்துவிடுகின்றனர். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டு உழவர் வழக்கத்தையும் கற்றுக்கொண்டு, சருகும் சாணமும் அடுக்கி மட்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலர்ந்த சருகில் கரிமம் மிகுதி. பசுந்தழையிலும் சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. கரிமம் 25 அல்லது 30 பங்கிற்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்னும் அளவில் இரண்டும் கலந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். கோடையில் இதற்குக் குழி ஏற்றது. மழைக்காலத்திற் குழி குட்டையாகிவிடுமாதலின் தரைமேற் குவியலாக அடுக்கி, மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுக. நோயுற்ற கத்தரிச்செடியையும் புழு விழுந்த காயையும் குவியலிற் சேர்க்கலாகாது.

குப்பை அகற்றும்போது கையை முன்னே நீட்டற்க, கோலை நீட்டுக. செங்கல் அடுக்கும் ஓலைக் குவியலும் கட்டுவிரியனும் தேளும் விரும்பும் இடங்கள். நல்ல வெளிச்சத்தில், காலில் செருப்போடு செய்யவேண்டிய வேலை இது. தேங்காய்ச் சிரட்டை, உடைந்த சட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரிலேதான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கவிழ்ப்பவன் வீட்டில் அக்கொசு பிறப்பதில்லை. பக்கத்து வீட்டாரும் கவிழ்க்க வேண்டுமே என்பது வேறு வருத்தம்.

எல்லாவற்றையும் பிடுங்கித் துப்புரவாக்கிவிடுவதும் பிழை. சிறுகிழங்கும் சேனையும் மஞ்சளும் தை மாதத்துக்குரியவை. அவற்றுக்கு இப்போது மண் அணைப்பதன்றி வேறு வேலையில்லை. அவரைக்கு நேரும் அநீதியோ பெரிது. ஆடியில் ஊன்றிய நாட்டவரை புரட்டாசியில் பந்தல் நிறைய இலை விட்டுப் பூவின்றி நிற்கும். பகற்பொழுது குறுகி இரவு நீண்டபின் பூப்பது அதன் இயல்பு. கார்த்திகை மார்கழிக்காகக் காத்திருக்கின்றது. எங்கள் தோட்டத்தைத் திருத்த வந்த ஒரு பெரியவர், “இது மலட்டுக்கொடி, ஐயா” என்று சொல்லி, நான் கல்லூரியிலிருந்து மீள்வதற்குள் வேரோடு பிடுங்கி எருக்குவியலில் இட்டுவிட்டார். கூலியும் கொடுத்தேன்.

இவ்வாண்டு வேலைகளிற் பெரும்பகுதி முடிந்தது. வாழைக்கு முட்டு நின்றுவிட்டது. வாய்க்காலின் கடைசி நான்கடி மட்டும் கல்லாக இருப்பதனாற் பாக்கி. வெள்ளைக் கத்தரியில் இரண்டு காய்களுக்குச் சிவப்புத் துணி கட்டினேன். ஒன்று புரட்டாசி 18-ஆம் நாள் பழுத்தது; அன்று மாலையே அறுத்துக் கழுவி, விதையைப் பழைய தேர்வுத் தாள் ஒன்றின்மேல் பரப்பி வைத்திருக்கின்றேன். மற்றொன்றில் காம்பருகே இன்னும் வெண்மை மாறவில்லை. கிழக்கே மேகம் கட்டுகின்றதா என்று நாளும் இருமுறை மாடியேறிப் பார்த்து வருகின்றேன்.